அணுவின் படத்தைத் திருத்திய சில எண்கள்

பள்ளிப் பாடத்தில் அணுவின் வரலாறு நான்கு படங்களாக வரும்: டால்டனின் பந்து, தாம்சனின் உருண்டை, ரூதர்ஃபோர்டின் கரு, போரின் வட்டப்பாதைகள். ஒரு படத்தை விட்டு அடுத்த படத்துக்கு ஏன் போனார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிதான் கிடைக்கும். உண்மையில் ஒவ்வொரு முறையும் ஓர் அளவீடு முரண்டு பிடித்தது. சில சமயம் அந்த முரண்டு மூன்றாம் தசம இடத்தில்தான் தெரிந்தது.

கேதோடு கதிரிலிருந்து தொடங்கலாம்: காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் எதிர்மின் முனையிலிருந்து கிளம்பும் கதிர் அது. ஹெர்ட்ஸ் 1883-இல் அந்தக் கதிரை மின்னேற்றிய இரு தகடுகளுக்கு நடுவே செலுத்தினார், அது வளையவில்லை. மின்சுமை உள்ள துகள் என்றால் வளைந்தாக வேண்டும், ஆகவே துகள் இல்லை என்பது அவர் முடிவு. கோளாறு குழாயில் எஞ்சியிருந்த வாயுவில் இருந்தது. கதிர் பட்டதும் வாயு அயனியாகிறது. அயனிகள் எதிர்த் தகடுகளை நோக்கி ஓடி அவற்றின் மின்சுமையை மறைத்துவிடுகின்றன. நடுவில் மின்புலமே மிஞ்சுவதில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சனுக்கும் முதலில் வளைவு தெரியவில்லை. காற்றை இன்னும் நன்றாக உறிஞ்சி எடுத்த பிறகு தெரிந்தது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒன்றையொன்று ஈடுகட்ட வைத்தால் கதிரின் வேகம் கிடைக்கும். பிறகு ஒரு புலத்தை மட்டும் வைத்து வளைவை அளந்தால் மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். இன்று அந்த விகிதம் கிலோவுக்கு 1.76 × 10¹¹ கூலும். தாம்சனுக்குக் கிடைத்தது இதில் ஏறத்தாழப் பாதிதான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஹைட்ரஜன் அயனியின் விகிதத்தைவிட இது ஆயிரம் மடங்கு அளவில் பெரியது என்பதுதான் அங்கே விஷயம். அதாவது அணுவைவிட மிக இலேசான துகள்; எலக்ட்ரான் என்று பெயர் பெற்றது இதுதான்.

தாம்சனின் 1904 மாதிரியில் எலக்ட்ரான்கள் பழத்துண்டு போலச் செருகி நிற்பதாகப் படம் போடுகிறார்கள். அவர் கணக்கிட்டது நேர்மின் கோளத்துக்குள் வளையம் வளையமாகச் சுழலும் எலக்ட்ரான்களை. வெறும் ஊகப் படமாக நினைத்து ஒதுக்குவது நியாயமல்ல. எந்த வளையத்தில் எத்தனை எலக்ட்ரான் நிலைத்து நிற்கும் என்றுகூட அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அடுத்து மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகம். கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்ஃபா துகள்களை (நேர்மின் துகள்கள்) மெல்லிய தங்கத் தகட்டில் ஏவி, எந்தக் கோணத்தில் எத்தனை திரும்புகின்றன என்று அங்கே எண்ணினார்கள். பீரங்கிக் குண்டு காகிதத்தில் பட்டுத் திரும்பிய உவமை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். ரூதர்ஃபோர்டோடு வேலை பார்த்த கைகர், மார்ஸ்டன் இருவரின் 1913 கருவியைப் பார்ப்போம். உருளை வடிவ உலோகப் பெட்டி. உள்ளே காற்று கிடையாது, ஏனென்றால் ஆல்ஃபா துகள் காற்றில் சுமார் 7 செ.மீ. போவதற்குள் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடும். ஆல்ஃபா துகளை உமிழும் மூலமும் உலோகத் தகடும் நடுவில் அசையாமல் நிற்கின்றன. துத்தநாக சல்ஃபைடு திரை ஒட்டிய நுண்ணோக்கி பெட்டியோடு சேர்ந்து சுழல்கிறது. காற்று புகாத கூம்பு மூட்டு அதற்கு இடம் தருகிறது. ஆல்ஃபா துகள் திரையில் பட்டால் ஒரு சிறு மினுக்கு. அதை இருட்டறையில், கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

சிக்கல் இந்த எண்ணும் வேலையில்தான். மினுக்குகள் மிக வேகமாக வந்தால் கண் தவறவிடும். மிக அரிதாக வந்தால் புள்ளியியல் கைவிடும். 5 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் இடையிலோ எண்ணிக்கை லட்சக்கணக்கான மடங்கு மாறுகிறது. இதற்கு அவர்கள் மூலமாக இருந்த ரேடான் வாயுவின் சிதைவையே பயன்படுத்திக்கொண்டார்கள். அதன் அரை ஆயுள் 3.8 நாள். மூலம் புதிதாக, வலுவாக இருக்கும்போது பெரிய கோணங்கள்; நாள் செல்லச் செல்ல வலு குறையும்போது சிறிய கோணங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூல வலுவுக்குத் திருத்திக்கொண்டால் போதும்.

தங்கத்துக்குக் கிடைத்த எண்களில் சில: 150 டிகிரியில் 33.1, 60 டிகிரியில் 477, 45 டிகிரியில் 1435, 15 டிகிரியில் 1,32,000. ரூதர்ஃபோர்டின் 1911 சூத்திரப்படி எண்ணிக்கை, அரைக்கோணத்தின் சைனை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி வரும் எண்ணின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். 60 டிகிரிக்கு அரைக்கோணம் 30, சைன் ½, தலைகீழ் 16. 477-ஐ 16-ஆல் வகுத்தால் 29.8. 150 டிகிரிக்கு இதே கணக்கு 28.8 தருகிறது, 45 டிகிரிக்கு 30.8. 15 டிகிரிக்குப் போனால் 38 ஆகிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை நாலாயிரம் மடங்கு மாறிய இடத்தில் இந்த விலகல் பெரிதல்ல.

துகள் பல அணுக்களில் பட்டு, சின்னச் சின்னத் திருப்பங்கள் பல சேர்ந்து பெரிய திருப்பம் ஆகியிருக்கக் கூடாதா? கூடாது. சுமார் 0.00004 செ.மீ. தடிப்புள்ள தங்கத் தகட்டில் பெரும்பாலான துகள்கள் திரும்பும் கோணம் 0.87 டிகிரி அளவுதான். அவை ஆளுக்கொரு திசையில் இருப்பதால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அப்படிக் கூட்டிக் கூட்டி 90 டிகிரி வர வாய்ப்பே இல்லை. ஆனால் 20,000-க்கு ஒன்று அப்படித் திரும்பியது. ஒரே மோதலில் திரும்ப வேண்டுமானால் மின்சுமை 10⁻¹⁴ மீட்டர் அளவிலான இடத்தில் குவிந்திருக்க வேண்டும். பலரும் கவனிக்காத ஒன்று: அந்தச் சுமை நேர்மின்னா எதிர்மின்னா என்பதை 1911 கட்டுரை தீர்த்துச் சொல்லவில்லை. சூத்திரத்தில் சுமை வர்க்கமாக வருவதால் குறி மறைந்துவிடுகிறது.

போரின் 1913 மாதிரிக்கு ஹைட்ரஜன் நிறமாலை ஒத்துவந்தது என்பது தெரிந்த கதை. எனக்குப் பெரிதாகப் படுவது நிறமாலை ஆய்வாளர் ஃபவுலரின் ஆட்சேபம். ஹைட்ரஜனுடையவை என்று கருதப்பட்ட சில கோடுகள் அயனியான ஹீலியத்துடையவை என்றார் போர். கருவின் சுமை 2 என்பதால், கோடுகளின் இடத்தைத் தீர்மானிக்கும் மாறிலி ஹைட்ரஜனுடையதைப்போல் 4 மடங்காகும். ஃபவுலர் அளந்து பார்த்து, விகிதம் 4 இல்லை, 4.0016 என்றார். கரு அசையாமல் நிற்கிறது என்று வைத்ததுதான் தவறு, எலக்ட்ரானும் கருவும் பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன என்று போர் திருத்தினார், வந்தது 4.00163.

மோஸ்லி எக்ஸ் கதிர்களால் அணு எண்ணைக் கருவின் சுமையோடு பிணைத்தார். அதுவரை கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கான 43, 61, 75 என்ற காலி இடங்கள் அதில் வெளிப்பட்டன.

நியூட்ரானுக்கு வருவோம். பொலோனியத்தின் ஆல்ஃபா துகள் பெரிலியத்தில் பட்டால் மின்சுமையற்ற ஒரு கதிர் வரும். அது பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தெறிக்கவிடும். இதைக் கண்ட ஜோலியோ-கியூரி தம்பதி காமா கதிர் என்றார்கள். புரோட்டானுக்கு அவ்வளவு வேகம் கொடுக்கக் காமாவுக்குச் சுமார் 55 மெகா எலக்ட்ரான் வோல்ட் தேவை. அதே காமா நைட்ரஜனைத் தாக்கினால் நைட்ரஜனுக்குக் கிடைக்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கிடைத்தது. 1932-இல் சாட்விக் இதைத் துகள் மோதலாக எடுத்துக்கொண்டார். புரோட்டானின் உச்ச வேகம் நொடிக்கு 3.3 × 10⁹ செ.மீ., நைட்ரஜனுடையது 4.7 × 10⁸. நேர் மோதலில் இவற்றின் விகிதம் (நிறை + 14) ÷ (நிறை + 1). நிறை என்பது இங்கே அந்த மின்சுமையற்ற துகளின், அதாவது நியூட்ரானின் நிறை; புரோட்டானுக்கு 1, நைட்ரஜனுக்கு 14. விகிதம் 7.02, நிறை 1.16 அளவில் வருகிறது, பத்து சதவீதப் பிழையோடு.

பிறகு போரான் வினையிலிருந்து அவர் எடுத்த மதிப்பு 1.0067. இது ஹைட்ரஜன் அணுவின் 1.0078-ஐவிடக் குறைவு; ஆகவே நியூட்ரான் என்பது புரோட்டானும் எலக்ட்ரானும் இறுகச் சேர்ந்த கூட்டு என்றே அவரும் எண்ணினார். பின்னர் கோல்ட்ஹாபரோடு சேர்ந்து டியூட்டிரியத்தின் (கன ஹைட்ரஜனின்) கருவைக் காமாவால் பிளந்து அளந்தபோது நியூட்ரான் ஹைட்ரஜன் அணுவைவிடக் கனமாக வந்தது. கூட்டு, தன் பாகங்களைவிடக் கனமாக இருக்க முடியாது. இன்றைய மதிப்பு 1.00866.