வலப்பக்கம்

"வலப்பக்கம் எப்படி சார்?" என்று அந்தச் சிறுவன் கேட்டான். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலின் முதல் பாதியைச் சொன்னது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. இரண்டாம் பாதியைச் சொல்லி முடித்தேனா என்பதுதான் ஏழு மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மின்தொடர் வண்டியின் கடைசி அறையில் கார்டாக நிற்பவனுக்கு நடைமேடை முழுவதும் கண்ணில் படும். அன்று சிக்னல் கிடைக்காமல் வண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. எனக்கு இரண்டு பெட்டிகள் முன்னால், ஜன்னல் கம்பியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவன் நடைமேடையில் குதித்தான். முந்தைய நிலையத்திலிருந்து முழுத் தூரத்தையும் பெட்டிக்கு வெளியே, இடப்பக்கமாகத் தொங்கியபடியே வந்திருக்கிறான். வயது பதினாறு இருக்கலாம். மூன்று நண்பர்கள் கைப்பேசியுடன் அவனைச் சூழ்ந்து நின்று, எடுத்த படத்தை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய் அவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

விதிப்படி அவனை ரயில் காவலர்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. பள்ளிக்கூட வயதுப் பையன் மேல் ஒரு வழக்கு விழ வேண்டாம் என்று நினைத்தேன் என்று சக ஊழியர்களிடம் சொன்னேன், அது பொய்யல்ல. ஆனால் காவலர் வந்து சேரும்வரை வண்டியை நிறுத்தி வைத்தால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் தாமதமாகும் என்ற கணக்கும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டில் எது முந்தியது என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: "தம்பி, பாலம் தாண்டினதும் ஒரு சிக்னல் கம்பம் பெட்டிக்கு எவ்வளவு நெருக்கமா நிக்குது தெரியுமா? நீ அந்த இடத்துல உடம்பைக் கொஞ்சம் வெளியே சாய்ச்சிருந்தா இப்ப என்கிட்ட பேசிக்கிட்டு நிக்க மாட்டே." அவன் பயந்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பயப்படவில்லை; முகத்தில் ஒரு கவனம் வந்தது, பாடம் கேட்கும் மாணவனின் கவனம். அந்தக் கவனத்தை நான் திருந்துவதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவன் வலப்பக்கத்தைப் பற்றிக் கேட்டான். "அந்தப் பக்கம் கம்பம் கிடையாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இரட்டைப் பாதையில் மின்கம்பங்களும் சிக்னல் கம்பங்களும் பெரும்பாலும் பாதையின் வெளிப்புறத்தில் நிற்கும். வலப்பக்கம் இருப்பது எதிர்த்தடம். "ஆனா எதிர்வண்டி வரும்" என்பதுதான் மீதிப் பதில். அதே கணத்தில், முன்னால் வண்டியை ஓட்டும் மோட்டார்மேனின் மணி ஒலித்தது. நான் திரும்பினேன், அறைக்கு ஓடினேன், பதில் மணி கொடுத்தேன். ஓடியபடியே அந்தச் சொற்களைச் சொன்னதாக ஒரு நினைவு. சொல்ல வேண்டும் என்று நினைத்ததுதான் சொன்னதாக நினைவில் படிந்துவிட்டதோ என்ற சந்தேகமும் கூடவே இருக்கிறது.

அந்த மீதிப் பதில் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ரயிலில் வேலை செய்யாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பம் நின்ற இடத்தில் நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கம்பங்கள் 60 மீட்டர் இடைவெளியில் இருந்தால் மூன்றரை விநாடிக்கு ஒன்று கடந்து போகும். ஒரு பையன் நாலு நாள் போய்வந்தால் அவற்றின் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவான். எதிர்வண்டியை மனப்பாடம் செய்ய முடியாது. அது சில நிமிடம் முந்தியும் வரும், பிந்தியும் வரும். இரண்டு வண்டிகளும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அவை ஒன்றையொன்று நெருங்குவது 120 கிலோமீட்டர் வேகத்தில். எங்கள் தடத்தில் இரு பெட்டிகளுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதுவும் நிலையான ஒரு மீட்டர் அல்ல. வளைவில் தண்டவாளத்தின் வெளிப்புறம் உயர்த்தப்பட்டிருப்பதால் பெட்டி உள்பக்கமாகச் சாயும். பெட்டியின் நடுப்பகுதி உள்நோக்கி நகரும், முனைகள் வெளிநோக்கி நீளும். ஸ்பிரிங்குகளின் மேல் நிற்பதால் கூட்டத்தின் எடைக்கேற்ப ஆடவும் செய்யும். நேர்ப்பாதையில் உயிர் தப்பிய உடம்புக்கு வளைவில் இடம் இல்லாமல் போகலாம்.

இத்தனையும் தெரிந்த நான் ஒரு கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு ஓடினேன். ஆனால் முழுப் பதிலைச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? எதிர்வண்டியின் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு ஏறியிருப்பானோ? நான் எச்சரிக்கை என்று நினைத்துக் கொடுத்ததை அவன் வழிகாட்டியாகப் பெற்றுக்கொண்டானா? அப்படியானால் தவறு இரண்டாம் பாதியை விட்டதில் இல்லை, முதல் பாதியைச் சொன்னதிலேயே இருக்கிறது. அவன் இவற்றைத் தானாகவே கண்டுபிடித்திருப்பான் என்று சில நாள்களில் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். ஒரு முறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாலே வலப்பக்கம் கம்பம் இல்லை என்று தெரிந்துவிடும். ஆனாலும் சீருடை அணிந்த ஒருவன் வாயால் கேட்பது வேறு. அதில் ஓர் உத்தரவாதத்தின் தொனி இருக்கிறது.

பயமுறுத்துவது போதும் என்று நினைத்தவன் நான் மட்டும் அல்ல. இந்தோனேசியாவில் 2012-ஆம் ஆண்டு, கூரைமேல் பயணம் செய்வோரைத் தடுக்கத் தண்டவாளத்துக்கு மேலே கான்கிரீட் குண்டுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அங்கே கூரையில் ஏறியவர்களில் பலரை ஏறச் செய்தது உள்ளே இருந்த நெரிசல். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூடுதல் வண்டிகள். நியூயார்க்கில் சுரங்க ரயிலின் கூரைமேல் நின்று படமெடுக்கும் சிறுவர்களின் கதை வேறு. அங்கே உள்ளே இடம் இருக்கும்போதே ஏறுகிறார்கள். அங்கே 2023-இல் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கத்தில் அதிகாரிகளின் குரலை விட்டுவிட்டு, மாணவர்களின் குரலிலேயே நிலைய அறிவிப்புகளைப் பதிவு செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பேசியது அந்தப் பையனோடு அல்ல, அவனைச் சுற்றி நின்ற மூன்று கைப்பேசிகளுக்கு முன்னால் என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயதுள்ளவர்களைக் கணினியில் ஒரு காரோட்டும் விளையாட்டை விளையாடச் செய்தார்கள். நண்பர்கள் அருகில் இருந்தபோது அவர்கள் தனியாக இருந்தபோதைவிடத் துணிந்து ஆபத்தை ஏற்றார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. அந்த வயதில் ஆபத்து தெரியாமல் யாரும் தொங்குவதில்லை. 25,000 வோல்ட் மின்கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும் என்பதும் அவர்கள் கேட்டதுதான். தெரிந்ததைப் பொருட்படுத்தாமல் இருப்பதைத்தான் பக்கத்தில் நிற்கும் நண்பன் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் நான் அவனைப் பத்தடி தள்ளி அழைத்துப் போய், பெயரைக் கேட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கம்பத்தைப் பற்றிப் பேசியே இருக்கக் கூடாது. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவனிடம் நான் கம்பத்தின் தூரத்தைச் சொல்லி அறிவுரை தொடங்கியிருக்க மாட்டேன். இதை எழுதும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: அதற்கெல்லாம் எனக்கு இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஒருவனுக்குத் தந்தையாக முடியாது. அவனை நிறுத்தி வைத்து, அதைச் செய்யக்கூடியவர்களிடம் ஒப்படைக்கத்தான் முடியும். விதி அதைத்தான் சொல்லியிருந்தது.

ஐந்து வாரம் கழித்து, அதே தடத்தில், வண்டி வலப்புறம் வளையும் இடத்தில் முன்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை தெரிந்தது. பிறகு தோள், பிறகு முதுகு. என் கை அவசர பிரேக்கின் மேல் போய் நின்றது. இழுத்தால் வண்டி குலுங்கும், பிடி நழுவும். இழுக்காவிட்டால் எதிர்வண்டி வரலாம். நான் இழுக்கவில்லை. உள்தொலைபேசியில் மோட்டார்மேனை அழைத்து, மெதுவாக வேகத்தைக் குறைக்கவும், எதிரே வருபவருக்கு எச்சரிக்கை விளக்கை மினுக்கவும் சொன்னேன். எதிர்வண்டி அந்த இடத்தைக் கடந்தபோது நாங்கள் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தோம். அந்த உருவம் குதித்து, வேலிப் பக்கமாக ஓடி மறைந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தச் சிறுவனைவிட உயரமாக இருந்தது போலவும் தோன்றியது, அதே உயரம்தான் போலவும் தோன்றியது.

இந்த முறை அறிக்கை எழுதினேன். நேரம், கிலோமீட்டர் எண், பெட்டி எண் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். அருகில் நின்ற மோட்டார்மேன், தன் குறிப்பேட்டில் பதிவதற்காக, "எந்தப் பக்கம் தொங்கினான்?" என்று கேட்டார். சொன்னேன். முந்தைய சம்பவத்தைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை, அறிக்கையிலும் எழுதவில்லை.