உண்டியலுக்கு முன்னால் வங்கிக் கணக்கு

கல்லூரியில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்று தெரிந்த அரை மணி நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு ஜிபே எண் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அது வகுப்புப் பிரதிநிதியின் சொந்த எண். சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

முழு கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முடிக்காத சிறு கணக்கில் ஒரு நிதியாண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. இருப்பும் 50,000-ஐத் தாண்டக்கூடாது. நல்ல கணக்காகவே இருந்தாலும், முகம் தெரியாத இருநூறு பேர் அனுப்புவதில் ஒருவருடைய பணம் சைபர் மோசடியில் வந்ததாக இருந்தால் போதும். புகார் எந்த மாநிலத்தில் பதிவானாலும் இங்கே கணக்கு முடங்கிவிடலாம், மெஸ் பில்லுக்கு வைத்திருந்த காசும் சேர்த்து.

அதனால் பணத்தை இரண்டு வழியில் பிரியுங்கள். பெரிய தொகை தருபவர்கள் நேராக மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்பட்டும். குறிப்பில் உள்நோயாளி எண்ணைப் போடச் சொல்லுங்கள். சில்லறைத் தொகைகளுக்கு, முதல்வரின் எழுத்துமூல அனுமதியோடு, என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) அல்லது முன்னாள் மாணவர் சங்கத்தின் கணக்கு. இந்த அனுமதிக்கு நாலைந்து நாள் ஆகலாம். ஆனாலும் காத்திருங்கள்.

அந்த நாலு நாளில் செய்ய வேலை இருக்கிறது. மருத்துவமனையில் செலவு மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும்; அந்த சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா, அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். காப்பீடு போக மீதிதான் உங்கள் இலக்கு. மொத்த மதிப்பீட்டையும் போஸ்டரில் போட்டுவிட்டுப் பிறகு குறைத்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் பேச்சு வரும்.

யுபிஐ வரவுகளைப் பிரிக்க ஓர் எளிய வழி: மெக்கானிக்கல் 101 ரூபாய், ஈசிஈ 102, தமிழ்த்துறை 103 என்று கடைசி இலக்கத்தைத் துறைக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்டேட்மென்ட் தானாகப் பிரிந்துகொள்ளும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக வரும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேளுங்கள். சுவரில் ஒட்டிய க்யூஆர் மேல் வேறு க்யூஆர் ஒட்டுவது புது வித்தை இல்லை; இடைவேளைக்கு ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள்.

உண்டியலுக்கு எண் போட்டு, மூடியின் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, அதில் இரண்டு பேர் கையெழுத்து. அன்று மாலையே திறக்க வேண்டும். விடுதி அறையில் இரவு தங்கிய உண்டியலுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஒருவர் எண்ண, ஒருவர் மறுபடி எண்ண, மூன்றாமவர் எழுத வேண்டும். 500 எத்தனை, 200 எத்தனை என்று வங்கிச் செலுத்துச்சீட்டின் வரிசையிலேயே எழுதினால் மறுநாள் வேலை மிச்சம். அந்தத் தாளின் படம் அன்றிரவே குழுவுக்குப் போய்விட வேண்டும்.

சில்லறையை நிறுத்து எண்ணலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். 2011-இல் வந்த ஒரு ரூபாய்க் காசு நூறு சேர்ந்தால் 379 கிராம். 2019-இல் வந்தது நூறு 309 கிராம். கலந்து கிடக்கும் குவியலில் தராசு உதவாது. கையால் எண்ணி, பாலித்தீன் உறையில் நூறு நூறாகக் கட்டுங்கள். வங்கி காசை மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதிதான். ஆனால் கவுன்ட்டரில் விதி பேசுவதைவிட நூறு கட்டிய உறை சீக்கிரம் வேலை செய்யும்.

கடை போட்டு விற்பதாக இருந்தால் சுண்டலுக்கே என் ஓட்டு. ஒரு கிலோ கொண்டைக்கடலை வெந்தபின் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும். 100 கிராம் கப்பில் இருபது கப், கப் 20 ரூபாய் என்றால் 400. இரவு எட்டு மணி நேரம் ஊறினால் போதும். வெயில் காலத்தில் அதற்கு மேல் விட்டால் தண்ணீர் நுரைத்து வாடை வந்துவிடும். தேங்காய்த் துருவலை மட்டும் விற்கும் நேரத்தில், ஒவ்வொரு பாத்திரமாகக் கலக்குங்கள். காலையிலேயே மொத்தமாகக் கலந்தால் மதியத்துக்குள் கெட்டுப்போய், மிச்சம் அப்படியே குப்பைக்கு. செலவு ரசீதுகளையும் வரவுத் தாளோடு சேர்த்துக் கோத்து வையுங்கள்.

முன்னாள் மாணவர்கள் 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, கேட்பார்கள். நோயாளியின் பில்லுக்கு நேராகக் கட்டும் பணத்துக்கு அது கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் பயனில்லை. சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனியர் அனுப்புகிறேன் என்றால், இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானா என்று கேளுங்கள். குடியுரிமை மாறியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது.

போஸ்டரில் பலரும் விட்டுவிடும் ஒரு வரி: ‘மீதமானால் இன்ன இடத்துக்குப் போகும்.’ சிகிச்சை குறைந்த செலவில் முடியலாம், நோயாளி இல்லாமலும் போகலாம். அதற்குப் பிறகு கையில் 40,000 ரூபாயோடு உட்கார்ந்து முடிவெடுக்கிற கூட்டம் சண்டையில்தான் முடியும்.

மருத்துவமனையில் முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். பில் ஏற ஏற, தவணையாகக் கட்டுங்கள். மிஞ்சும் முன்பணம் குடும்பத்திடம்தான் திரும்பும், உங்கள் கணக்கு இடிக்கும். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் ரசீதில் உள்ள உள்நோயாளி எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். ஒன்று மாறினாலும் பணம் வேறொருவர் பில்லில் ஏறிவிடும்.