லேசரா, சூடா?

போன வாரம் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து கத்தியே விட்டேன். கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்த செல்கள், 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் விழுந்த பத்தாவது நிமிடம் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

விஷயம் இதுதான். ஒரு வகைச் செல்லின் மேல் நானோ துகள்கள், துகளின் மேல் அசோபென்சீன் என்ற, ஒளி பட்டால் வடிவம் மாறும் மூலக்கூறு. இன்னொரு வகைச் செல்லின் மேல் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின்: ஏழு குளுக்கோஸ் கைகோத்த வளையம், நடுவில் குழி. அசோபென்சீன் நீட்டி நிமிர்ந்திருக்கும்போது அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்காரும்; செல்கள் ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளி பட்டால் காலை மடக்கிக்கொள்ளும். 9 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) நீளம் 5.5 ஆகச் சுருங்கும். குழிக்குள் இருப்புக் கொள்ளாது.

புற ஊதாவை நேரே அடித்தால் டிஎன்ஏ கெடும். திசுவுக்குள்ளும் ஆழமாகப் போகாது. அகச்சிவப்பு போகும். துகளில் உள்ள இட்டெர்பியம் என்ற உலோகம் அதை வாங்கி வாங்கித் தூலியம் என்ற இன்னொரு உலோகத்திடம் கொடுக்க, தூலியம் சில்லறையைச் சேர்த்து நோட்டாக்கி, புற ஊதாவாகத் தரும். கூடவே நீல ஒளியும் தரும், அதுதான் எரிச்சல். நீலம் பட்டால் மடங்கியது மறுபடி நிமிரும். ஒரு கையால் அவிழ்த்து மறு கையால் முடிகிற துகள்!

வீடியோவைப் பார்த்த சீனியர் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "கன்ட்ரோல் பாத்தியா?"

கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. பார்க்கவில்லை. மறுநாள் தூலியம் மட்டும் இல்லாத துகள்களைப் போட்டு அதே லேசரை அடித்தேன். புற ஊதா வர வழியே இல்லை. செல்கள் அப்போதும் கழன்றன.

செல்கள் இருந்த டிஷ்ஷுக்குள் வெப்பமானியை விட்டேன். 37 டிகிரியில் இருக்க வேண்டியது 43. தண்ணீரே 980-ஐ உறிஞ்சும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். சூடானால் அந்தக் குழியின் பிடியும் தளரும். என் வீடியோவில் எவ்வளவு ஒளி, எவ்வளவு சூடு என்று யார் பிரித்துச் சொல்வது?

இப்போது லேசரை விட்டு விட்டு அடிக்கிறேன். ஐந்து நொடி அடித்தால் பத்து நொடி ஆற விடுவேன். நேற்று நாற்பது நிமிடம் ஆயிற்று. தூலியம் உள்ள டிஷ்ஷில் பாதிக் கொத்துதான் பிரிந்தது. இல்லாததில் அப்படியே கிடந்தது. இந்தத் தடவை கத்தவில்லை. பிரிந்தவை உயிரோடு இருக்கின்றனவா என்று செத்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரைபான் நீலச் சாயம் போட்டு எண்ண ஆரம்பித்தேன்.