வேட்டை வில்லுக்கு எத்தனை பவுண்டு?

என் வில் 48 பவுண்டு; வில்லின் எடை அல்ல, நாணை இழுக்கத் தேவையான விசை. இங்கே அமெரிக்காவின் மினசோட்டாவில் என்னோடு மான் வேட்டைக்கு வருகிற ஆண்கள் பலரும் 60, 70 வைத்திருக்கிறார்கள். முதல் வில் வாங்கப்போகும் தம்பி ஒருவன், "அக்கா, 70 எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்பதை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கடையில் டி-ஷர்ட்டோடு நின்று இழுத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. நவம்பர் விடியற்காலை, உறையும் குளிர், கனத்த ஜாக்கெட், மரத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்து விறைத்துப்போன தோள். அப்போது இழுக்க முடிகிற வில்தான் உங்கள் வில். வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லைக் குறிக்கு நேராக நீட்டி, நாணை மெதுவாகப் பின்னால் கொண்டுவாருங்கள். கை வானத்தைப் பார்த்து ஏறினாலோ இடுப்பு முறுகினாலோ ஐந்து பவுண்டு குறையுங்கள். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லில் முழு இழுப்பில் பாரம் குறைந்துவிடும்; அதுதான் லெட்-ஆஃப். அது 80 சதவீதம் இருந்தால், 70 பவுண்டு வில்லை முழுதாக இழுத்த பிறகு கையில் நிற்பது 14 பவுண்டுதான், உண்மை. ஆனால் அந்த 70-ஐத் தாண்டித்தானே அங்கே போக வேண்டும்? 15 கெஜத்தில் நிற்கிற மான் பார்த்துவிடுவது அந்தத் திணறலைத்தான். கப்பி இல்லாத, நுனி முன்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லில் இந்தச் சலுகையே கிடையாது. அதில் எழுதியிருக்கும் எண்ணும் 28 அங்குல இழுப்புக்கானது; உங்கள் கை அவ்வளவு நீளாவிட்டால் பவுண்டும் குறையும்.

குறைந்த பவுண்டு போதுமா? மினசோட்டா சட்டம் மானுக்கு 30 பவுண்டு கேட்கிறது, கொலராடோ 35. அலாஸ்காவில் மூஸ் என்கிற மிகப்பெரிய மான் வேட்டைக்கு 50. துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அதன் முனையிலுள்ள கத்தி நுரையீரலை அறுக்கிறது. 20 கெஜத்துக்குள், விலாவில், நல்ல கூரான முனையோடு போனால் வெள்ளைவால் மானுக்கு 40 பவுண்டு தாராளம். பட்டதும் விரிகிற முனைகள் விரிவதற்கே விசையைத் தின்னும், அதனால் குறைந்த பவுண்டுக்கு நிலையான கத்தி முனைதான் சரி. அம்பும் ரொம்ப லேசாக இருக்கக் கூடாது. இரவெல்லாம் அடிபட்ட மானைத் தேடி அலைவதை விட, இன்னும் ஐந்து கெஜம் நெருங்கி வரட்டும் என்று காத்திருப்பது எவ்வளவோ மேல்.

தம்பிக்கு 50-60 லிம்ப் (வில்லின் வளையும் கை) உள்ள, அதாவது 50-லிருந்து 60 பவுண்டு வரை மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லைச் சொன்னேன். ஜூலையில் 50-இல் தொடங்கி, முதுகுத் தசை பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம். மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளை ஒரே அளவு திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஏற்றினால் அம்பின் விறைப்பு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். குறி பார்க்கும் பின்களும் தள்ளிப்போகும். அதனால் ஆகஸ்ட் கடைசியோடு போல்ட்டைத் தொடுவதை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் நடுவில் சீசன் திறந்துவிடும்.