மிச்சிகன் அவென்யூவை விடுங்க, 26ஆம் தெருவுக்குப் போங்க!

சிகாகோ டவுன்டவுனில் ஒரு டாக்ஸிக்காரர் ஊரெல்லாம் சுற்றி மீட்டரை ஏற்றியதில் எங்கள் சாப்பாட்டுக் காசே காலி. அந்தக் கடுப்பில் மறுநாள் பிரபலமான கடைவீதியான மிச்சிகன் அவென்யூவை ஓரங்கட்டிவிட்டு, 60ஆம் நம்பர் பஸ்ஸில் மெக்சிகோக்காரர்களின் பேட்டையான லிட்டில் வில்லேஜின் 26ஆம் தெருவுக்குக் கிளம்பினோம். பஸ் வருவேனா என்றது. குளிர்காற்றில் காது விறைத்துப்போனது.

இறங்கினால் தெருவுக்குக் குறுக்கே ஓடு வேய்ந்த பெரிய வளைவு. 2022இல் சிகாகோ மாநகரம் இதை நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஒரு காலத்தில் இது ஐரோப்பாவிலிருந்து வந்த செக் மக்களின் பேட்டை. அவர்கள் சிசரோ, பெர்வின் என்ற புறநகர்கள் பக்கம் நகர, மெக்சிகோ குடும்பங்கள் வந்து கடைகளைத் திறந்தன. விற்பனை வரி வசூலில் மிச்சிகன் அவென்யூவுக்கு அடுத்தது இந்தத் தெருதான் என்பார்கள். அங்கே பெரிய பிராண்டுகள். இங்கே பேக்கரி, பூட்ஸ் கடை, நகைக்கடை என்று பெரும்பாலும் குடும்பக் கடைகள்.

கடைக்குக் கடை கண்ணாடிக்குப் பின்னால் பலூன் மாதிரி உப்பிய கவுன்கள். பெண்பிள்ளைக்கு 15 வயதானால் ‘கின்சியான்யேரா’ விழா. நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு மாதிரியேதான், செலவு உட்பட! மண்டபம், கேக், போட்டோ, பாண்டு... ஒரு விழாவுக்குப் பின்னால் எத்தனை பேர் பிழைப்பு!

இப்போது முக்கியமான விஷயம், சாப்பாடு. கார்னிதாஸ் என்பது பன்றிக்கொழுப்பிலேயே மெதுவாக வெந்த பன்றிக்கறி. எடை போட்டு வாங்கி, சூடான சோள டார்ட்டியாவில் (மெல்லிய ரொட்டி) வைத்து, வெங்காயம், கொத்தமல்லி, பச்சைச் சட்னி. டவுன்டவுனில் ஒருவர் சாப்பிடும் காசில் இரண்டு பேருக்கு வயிறு நிறைந்தது. வெளியே தள்ளுவண்டியில் சோளக்கதிர்: மயோனைஸ், சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சை. மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், திகட்டுகிறது. இந்த வண்டிகளுக்கு மாநகராட்சி 2015இல்தான் உரிமம் தர ஒத்துக்கொண்டது. அதுவரை அபராதத்துக்குப் பயந்து பயந்துதான் வியாபாரம்.

இந்த மெக்சிகோக்காரர்களைக் கூலி வேலைக்கு வந்தவர்கள் என்று மட்டும் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கூலி வேலையும் உழைப்புதான். ஆனால் இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியும் அவர்களே. அமெரிக்க லத்தினோக்களின் (மெக்சிகோ உட்பட லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 2022ஆம் ஆண்டு மொத்தப் பொருளாதார உற்பத்தி 3.6 லட்சம் கோடி டாலராம். தனி நாடாக இருந்தால் உலகில் ஐந்தாவது பெரிய பொருளாதாரம்!

கடைசியாகச் சில டிப்ஸ். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பில்சன் என்ற பகுதியில் மெக்சிகன் கலை தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.