ஐராவதியின் போக்கில் மூன்று நாள்

2019 ஜனவரியில் பர்மாவில் (இன்றைய மியான்மரில்) மாண்டலேயிலிருந்து பாகனுக்குச் செல்ல வேண்டியிருந்தபோது, நான்கைந்து மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்தை விட்டுவிட்டு, ஐராவதி ஆற்றில் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் படகில் இடம் பிடித்தேன். காரைக்குடிப் பக்கத்தில் என் அப்பத்தா வாழ்ந்த வீட்டின் தூண்கள் பர்மாத் தேக்கால் ஆனவை. மேல்பர்மாக் காடுகளில் வெட்டிய அத்தகைய மரங்களைத் தெப்பங்களாகக் கட்டி, இந்த ஆற்றின் வழியாகத்தான் இரங்கூனுக்கு மிதக்கவிட்டார்கள். சிறு வயதில் நான் கட்டிப்பிடித்துச் சுற்றி விளையாடிய தூண்கள் வந்த வழியை, அவை வந்த வேகத்திலேயே பார்க்க விரும்பினேன்.

படகேறுவதற்கு முந்தைய நாள் மாண்டலே மலையடிவாரத்தில் குத்தோடா பகோடாவைப் பார்த்தேன். 1857-இல் அந்நகரை நிறுவிய மின்டோன் மன்னர், பௌத்த மறைநூலான பாலித் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கற்களில் வெட்டுவித்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு வெள்ளைக் கோயில் கட்டி இங்கே நிறுத்தியிருக்கிறார். நாட்டின் கீழ்ப்பகுதி ஆங்கிலேயர் வசமாகிவிட்ட காலத்தில், அறத்தைக் கல்லில் எழுதிக் காப்பாற்ற நினைத்த அந்த மன்னரின் கவலை வரிசை வரிசையாக நிற்பது போல் எனக்குத் தோன்றியது.

முதல் நாள் படகு ஆற்றை எதிர்த்துச் சென்று மிங்குனில் நின்றது. போதோபயா மன்னர் 1790-இல் தொடங்கி முடிக்காமல் விட்ட பகோடாவின் செங்கல் அடித்தளம் மட்டுமே ஒரு குன்றளவுக்கு நிற்கிறது. 1839 நிலநடுக்கத்தில் அதன் முகப்பு மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. அதற்கென வார்க்கப்பட்ட 90 டன் மணியை மரக்கட்டையால் தட்டியபோது எழுந்த நாதம், காதில் அடங்கிய பின்னும் உள்ளங்காலில் நெடுநேரம் இருந்தது.

திரும்பி ஆற்றின் போக்கில் இறங்கியபோது, சகாயிங் மலையில் வெள்ளையும் பொன்னுமாக எண்ணற்ற பகோடாக்கள் மாலை வெயிலில் தெரிய, 1934-இல் கட்டப்பட்ட ஆவா பாலத்தின் கீழே கடந்தோம். 1942-இல் பின்வாங்கிய ஆங்கிலப் படை தகர்த்து, பிறகு சீரமைக்கப்பட்ட அந்தப் பாலம், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஆற்றுக்குள் சரிந்துவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்த நாளில், கரையில் எங்களைப் பார்த்துக் கையசைத்த பிள்ளைகளின் முகங்கள்தாம் மனத்தில் வந்து வந்து போயின.

இந்த ஆற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிதானம். மழைக்காலத்தில் கரைபுரளும் ஐராவதி, ஜனவரியில் மணல்திட்டுகளுக்கு இடையே ஒடுங்கி ஓடுகிறது. ஆண்டுதோறும் திட்டுகள் இடம் மாறுவதால் சென்ற ஆண்டின் வழி இந்த ஆண்டுக்கு உதவாது. படகின் முனையில் இருவர் நின்று, வண்ணப் பட்டைகள் தீட்டிய மூங்கில் கழியைத் தண்ணீரில் ஊன்றி ஊன்றி எடுத்து, ஆழத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டு மாலுமி சுக்கானைத் திருப்புகிறார். இருட்டியதும் படகை மணல்திட்டோரம் கட்டிவிடுகிறார்கள். நீர் வடிந்த திட்டுகளில் வண்டலை நம்பி நிலக்கடலை விதைத்து, மழைக்கு முன் அறுவடை செய்துகொண்டு போகிறார்கள் கரையோரத்து மக்கள்.

இரண்டாம் நாள் யாண்டபோ என்னும் குயவர் ஊரில் இறங்கினோம். பெண்கள் ஆற்று மண்ணைப் பிசைந்து பானை வனைய, ஆண்கள் வைக்கோல் மூடிச் சூளை வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் ஆங்கில-பர்மியப் போரை முடித்த 1826 உடன்படிக்கை கையெழுத்தானது இங்கேதான். அப்போரில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் கடல் கடந்து வந்து போரிட்டு, நோயிலும் நீரிலும் மடிந்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை, செங்கல் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு மேலே எழுந்து பாகன் வந்தது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவற்றில் இன்றும் 3,500-க்கு மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. மறுநாள் ஆனந்தா கோயிலில் நான்கு திசை நோக்கி நிற்கும் புத்தர்களைக் கண்டேன். ஒன்பதரை மீட்டர் உயரமுள்ள அவற்றில் வடக்கிலும் தெற்கிலும் நிற்பவையே பழைய திருமேனிகள். பொன்பூச்சுக்கு உள்ளே இருப்பது தேக்கு. தெற்குப் புத்தரின் முகம் அருகே துயரமாகவும், விலக விலகப் புன்னகையாகவும் மாறுவதைப் பலமுறை நடந்து நடந்து பார்த்தேன்.

பகலில் கோட்டைமதிலுக்குள் இருக்கும் நாட்லாவுங் சியாவுங் என்னும் திருமால் கோயிலுக்குப் போனேன். பௌத்தப் பேரரசின் தலைநகரில் கடல்வணிகர்கள் வழிபட விட்டிருந்த இடங்களுக்கு அது சாட்சி. அருகிலுள்ள மியின்கபாவில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வடமொழிச் சுலோகத்துக்குக் கீழே தமிழில் பேசுகிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி என்னும் வணிகக் குழுவின் பெயரால் இங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் என்னும் திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபமும் திருக்கதவும், அம்மண்டபத்தில் எரிய ஒரு விளக்கும் கொடுத்த செய்தி அது. அவரும் ஐராவதியின் முகத்துவாரத்திலிருந்து ஆழம் பார்த்து ஆழம் பார்த்து, என்னைவிட நெடுநாள் ஆற்றில் கழித்துத்தான் இங்கே வந்திருப்பார். கோயிலைவிட்டு வெளியே வந்து, அவர் வந்த திசையில், தெற்கே மணல்திட்டுகளுக்கு அப்பால் மறையும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.