ஆய்வக நாட்குறிப்பு: இருமல் மருந்தும் ஒரு வெள்ளைப் பொடியும்

பிப்ரவரி 4, 2025

இன்று காலை வந்த மாதிரிகளில் ஒன்று நேரத்தைத் தின்றுவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த சிறுநீர். அவர்களிடம் இருந்த உடனடிக் கிட்டில், மனதைக் குழப்பும் போதைப்பொருளான 'பென்சைக்ளிடின் உண்டு' என்று காட்டியிருக்கிறது. பையனுக்கு நடை தள்ளாடுகிறது, கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது, நாடி வேகம், உடம்பு சூடு, கேட்டதற்குப் பதில் எங்கிருந்தோ வருவது போல வருகிறது. டாக்டர் போனில் சொன்னார்: "மேடம், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. உறுதி பண்ணிச் சொல்லுங்கள்."

அவருடைய சந்தேகம் சரிதான். அந்தக் கிட் மூலக்கூறை அடையாளம் காண்பதில்லை. அதில் இருக்கும் எதிர்ப்பொருள், ஏறக்குறைய அதே வடிவில் எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும். மூலக்கூறை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டதும் வேஷம் கலைந்தது. பென்சைக்ளிடின் துளியும் இல்லை. இருந்தது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கூடவே உடம்பு அதை மாற்றி உண்டாக்கும் டெக்ஸ்ட்ரார்பன். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற வறட்டு இருமல் மருந்து. அளவு மட்டும் இருமலுக்குக் குடித்தவனின் அளவு இல்லை.

கிட் ஏமாந்ததிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பென்சைக்ளிடினும் மயக்க மருந்தான கீட்டமைனும் மூளையில் அடைக்கிற, நரம்புச் செய்தியை வாங்கும் அதே என்எம்டிஏ ஏற்பியைத்தான் டெக்ஸ்ட்ரார்பனும் அடைக்கிறது. சொன்ன அளவில் குடித்தால் இருமலோடு போய்விடும். அளவு மீறினால் மனது ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று கழன்றுகொள்ளும். அதைத்தான் சிலர் 'ட்ரிப்' என்கிறார்கள்.

பிப்ரவரி 5

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி நேற்றைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் அக்கா சும்மா கையில் எடுத்துக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மதிய இடைவேளை அதிலேயே போனது.

இருமலுக்கும் போதைக்கும் உள்ள உறவு பழையது. இருமலை அடக்கும் கோடீனை 1832-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ராபிகே அபினிலிருந்து பிரித்தெடுத்தார். 1898-இல் பேயர் நிறுவனம் ஹெராயினையே இருமல் மருந்தாக விற்றது. அடிமைப்படுத்தாத ஒரு மாற்று வேண்டும் என்று தேடித்தான் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனுக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1958-இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. ரோமிலார் என்ற பெயரில் மாத்திரையாக வந்தது. அறுபதுகளில் அதை இருமலே இல்லாதவர்கள் வாங்கத் தொடங்கினார்கள். 1973-இல் அந்த மாத்திரை கடைகளிலிருந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த யோசனைதான் எனக்குச் சிரிப்பு. சிரப்பாகக் கொடுப்போம், சுவையை மோசமாக வைப்போம், யாரும் நிறையக் குடிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள். கசப்பை நம்பி ஒரு பாதுகாப்புத் திட்டம்! கொஞ்சம் பேரை அது தடுத்திருக்கும். மிச்சம் பேருக்கு, சிரப்பிலிருந்து மருந்தை மட்டும் தனியாக எடுத்தால் என்ன என்ற எண்ணத்தை அதுவே கொடுத்தது. வீட்டுப் பிரித்தெடுப்பு என்ற பைத்தியக்காரத்தனம் வேதியியல் ஆர்வத்தில் பிறந்தது என்று சொல்வார்கள். குமட்டலில் பிறந்தது என்பது என் கட்சி.

பிப்ரவரி 7

நான் எதிர்பார்த்ததுதான். பையனின் அறையில் கிடைத்த ஒரு சின்ன ஜாடியை இன்று அனுப்பியிருக்கிறார்கள். அடியில் வெள்ளைப் பொடி, கொஞ்சம் மஞ்சள் ஓடிய வெள்ளை. மூடியைத் திறந்ததும் கரைப்பான் வாடை. நாளைக்குத்தான் கருவி காலி.

பிப்ரவரி 8

பொடியின் முடிவு. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிறது, சரி. குளோர்பெனிரமைனும் இருக்கிறது. நிறமியின் மிச்சம் இருக்கிறது. கரைப்பான் முழுதாகப் போகவில்லை. ஜாடியின் மேல் பகுதியில் எடுத்த துளியும் அடியில் எடுத்த துளியும் ஒரே அளவு காட்டவில்லை. அதாவது, ஒரே ஜாடியில் இன்று ஒரு சிட்டிகை எடுத்தவனும் நாளை ஒரு சிட்டிகை எடுத்தவனும் வெவ்வேறு மருந்து சாப்பிடுகிறார்கள்.

தம்பி, "பையன் கெட்டிக்காரன்தான், இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பெரிய வித்தை இல்லை. பிரித்து முடித்த பிறகு கையில் இருப்பது என்ன, எவ்வளவு, கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. ஒரு ஆய்வகத்தின் செலவில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. அவனிடம் இருந்தது கண் மட்டும். வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று கண் சொல்லும். குளோர்பெனிரமைனும் வெள்ளைதான்.

குளோர்பெனிரமைன் சளிக்கு, தும்மலுக்குக் கொடுக்கிற பழைய மருந்து. அளவு மீறினால் வாய் உலர்ந்து, சிறுநீர் நின்று, இதயம் தறிகெட்டு ஓடி, வலிப்பு வரை போகும். மனக்குழப்பம் தனி. முதல் நாள் டாக்டர் சொன்ன நாடி வேகமும் உடம்புச் சூடும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதுவும் ஒரு பதில். போனில் சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றார்.

இன்னொன்றும் சொன்னேன்: அந்த அறையைக் காற்றாட விட்டு, விளக்கு சுவிட்சைத் தொடுவதற்கு முன் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கரைப்பான் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். இந்த மாதிரி 'பரிசோதனை'களில் உள்ளே போன மருந்தைவிட வெளியே பற்றிய தீயில் வெந்தவர்கள் உண்டு. பிரித்தெடுக்கும்போது அரிக்கும் காரக் கரைசல் தெறித்துக் கண் போவதும் அப்படித்தான்.

பிப்ரவரி 11

பையன் தேறிவருகிறான். இந்த மருந்துக்கு என்று தனி முறிமருந்து கிடையாது. பதற்றத்துக்கு பென்சோடயசெபின், சூட்டைத் தணிப்பது, திரவம் ஏற்றுவது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

டாக்டர் முதல் நாளே பாராசிட்டமால் அளவைக் கேட்டு வாங்கியிருந்தார். நல்ல டாக்டர் என்பதற்கு எனக்கு அது போதும். கடைகளில் இருக்கும் சளி-இருமல் கலவைகளில் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் ஆர்ப்பாட்டம் செய்து ஊரைக் கூட்டும். பாராசிட்டமால் சத்தம் போடாது. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், அதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். கல்லீரலில் அது என்ஏபிகியூஐ என்ற நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்கி வைக்கும் குளூட்டதயோன் தீர்ந்ததும் செல்கள் சாகத் தொடங்கும். வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் போனால் கல்லீரலை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றிவிடும். போதை இறங்கிவிட்டது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்ட வீடுகளில்தான் அந்த 8 மணி நேரம் வீணாகிறது.

இந்தப் பையனுக்கு பாராசிட்டமால் இல்லை. அவன் வாங்கிய பாட்டிலில் இல்லை என்பது மட்டும்தான் காரணம். லேபிளைப் படித்தா வாங்கினான் என்று தெரியாது.

பிப்ரவரி 13

தம்பி எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான்: "இதைக் குடித்தால் மூளையில் ஓட்டை விழுமாமே?"

1989-இல் அமெரிக்க ஆய்வாளர் ஓல்னியின் குழுவினர் எலிகளின் மூளையில் பார்த்த குமிழ்கள் அவை. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தது. மனித மூளையில் அப்படி நடக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு இந்த 'ஓட்டை' பிரச்சாரம் பிடிக்காது. பதினாறு வயதுக்காரன் ஒரே ராத்திரியில் தேடிப் படித்து அது மிகை என்று கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பிறகு பாராசிட்டமாலைப் பற்றி நாம் சொல்லும் நிஜத்தையும் அதே கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடுவான். உள்ளதைச் சொல்லவே போதுமான அளவுக்கு இருக்கிறது.

பிப்ரவரி 18

நேற்றிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது. ஜாடியில் இருந்தது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று கையெழுத்துப் போட்டேனே, எந்த உரிமையில்?

இந்த மூலக்கூறுக்கு ஒரு கண்ணாடிப் பிம்பம் உண்டு. லெவோமெத்தார்பன். அதே அணுக்கள், அதே எடை, அதே வரிசை, வலது கைக்கு இடது கை போல. வலது வடிவமான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்தின் வேலை செய்வதில்லை. அதனால்தான் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. இடது வடிவம் உடம்புக்குள் போனதும் லெவோர்பனால் ஆகிறது. மார்பினைவிட வீரியமான ஓபியாய்டு. மூச்சை நிறுத்தும். வழக்கமாக நாங்கள் ஓட்டும் கருவியில் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வரும், ஒரே மாதிரி உடையும். பிரித்துப் பார்க்க கைரல் காலம் என்ற தனிக் குழாய் வேண்டும்.

இது புத்தகக் கவலை இல்லை. 2012 கடைசியில் பாகிஸ்தானில் லாகூரிலும் குஜ்ரன்வாலாவிலும் இருமல் சிரப் குடித்தவர்கள் கொத்தாகச் செத்தார்கள். போதைக்காக சிரப் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அவர்களில் நிறைய. முதலில் 'அளவுக்கு மீறிக் குடித்தார்கள், செத்தார்கள்' என்று நினைப்பது எளிதாக இருந்திருக்கும். சோதித்தபோது மூலப்பொருளான டெக்ஸ்ட்ரோமெத்தார்பனிலேயே லெவோமெத்தார்பன் கலந்திருந்தது தெரிந்தது. 2013 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. அதே ஆண்டில் பராகுவேயில் குழந்தைகள் அதே கலப்பால் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். தொழிற்சாலை, சான்றிதழ், தரப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்தது அது. பிறகு சமையலறையில் ஒருவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? வடிகட்டினாலும் கழுவினாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

கைரல் காலத்தைத் தேடி எடுத்து இன்று மாலை ஓட்டினோம். வலது வடிவம் மட்டும்தான். கையெழுத்து நிற்கிறது.

பிப்ரவரி 25

வேலை குறைவு. டாக்டர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பையனின் நண்பனும் அன்றைக்கு அதே ஜாடியிலிருந்து எடுத்திருக்கிறான். அவனுக்கு மறுநாள் முழுக்கத் தெளியவில்லையாம். ஏன்?

ஜாடியின் ஏற்ற இறக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். நொதி இன்னொன்று. டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைக் கல்லீரலில் மாற்றுவது சிஒய்பி2டி6 என்ற நொதி. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இது வேலை செய்வதில்லை, ஆசியர்களில் குறைவு. மற்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து இவர்கள் உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஒருவருக்கு இந்த நொதி எப்படி இருக்கிறது என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் கொடுத்துப் பார்க்கும் மருந்தே டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்தான், ஒரே ஒரு சாதாரண அளவு. இந்தப் பையன்கள் அந்தச் சோதனையைத் தெரியாமலே செய்திருக்கிறார்கள்.

நண்பன் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்கச் சொன்னேன். ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை அதே நொதியை அடைத்துவிடும். அதுமட்டுமில்லை, மூளையின் செய்தி வேதிப்பொருளான செரட்டோனினை இரண்டு பக்கமிருந்தும் ஏற்றும்: நடுக்கம், தசை இறுக்கம், காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. பதில்: ஆமாம், சாப்பிடுகிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டர் அன்றே அவனை வரச்சொல்லிவிட்டார்.

மார்ச் 3

கடையில் பூட்டி வைக்கலாமா என்ற பழைய வாதம் இன்று கேண்டீனில். கலிஃபோர்னியாவில் 2012 தொடக்கத்திலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் விற்கக் கூடாது. பிரிட்டன் 2024-இல் கோடீன் சிரப்பை மருந்துச்சீட்டுக்குள் கொண்டுபோனது. நைஜீரியா 2018-இல் கோடீன் சிரப் தயாரிப்பையும் இறக்குமதியையும் தடுத்தது. நான் வயது வரம்பின் பக்கம். பாட்டிலை எடுக்கும் பையனைக் கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து பதின்ம வயதினர் இறந்ததாக மருந்துத் துறை எச்சரித்தது கடைச் சிரப்பால் இல்லை. கேப்ஸ்யூலில் அடைத்து விற்ற தூய பொடியால். பொடிக்கு அலமாரி இல்லை, பூட்டும் இல்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, சாதாரண இருமலுக்கு இந்த மருந்துகள் உண்மையில் கேட்கின்றன என்பதற்கே நல்ல சான்று இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் ஆய்வு சொல்வது.

மார்ச் 6

ரிப்போர்ட் படிவத்தை மாற்றச் சொல்லி மேலே எழுதினேன். இப்போது இருப்பதில் 'கண்டறியப்பட்ட போதைப்பொருள்' என்று ஒரே கட்டம். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடுகிறது. குளோர்பெனிரமைனுக்கும் பாராசிட்டமாலுக்கும் இடமே இல்லை. பாட்டிலில் இருக்கக்கூடியவை எல்லாவற்றுக்கும் 'உண்டு / இல்லை / பார்க்கவில்லை' என்று தனித்தனி வரி கேட்டிருக்கிறேன். 'பார்க்கவில்லை' என்பதைத் தம்பிதான் சேர்க்கச் சொன்னான். கைரல் சோதனைக்கும் ஒரு வரி வேண்டும் என்றால் செலவுக் கணக்கு கேட்பார்கள். அதை நாளை உட்கார்ந்து போட வேண்டும்.